எர்லோவின் கை

ஹிர்ஷ்பாக் மடம்,
மிக்கேல் அதிதூதர் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள அக்கா ஆடெலிண்டுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் மடத்துச் சகோதரிகளையும் காப்பாராக. கோடையில் நீ இரவல் வாங்கிப் போன எங்கள் புனித எர்லோவின் கை எலும்பு, அதன் வெள்ளிப் பேழையோடு படகில் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஏரிக்கு அப்பால் உங்கள் கரையில் காய்ச்சல் தணிந்தது கேட்டு மகிழ்ச்சி.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பேழையை அங்கே யாராவது திறந்தீர்களா? இது என் கேள்வி இல்லை. மடத்தில் எனக்கு அடுத்தவரான பர்கார்ட் கேட்கிறார். "போகும்போது கொஞ்சம் மஞ்சளா இருந்துச்சு சாமி, வந்தது வெள்ளையா இருக்கே?" என்கிறார். இப்போது எனக்கும் வெள்ளையாகத்தான் தெரிகிறது. சாப்பாட்டு வேளையில் எங்களுக்குப் பேச்சு கிடையாது, கைஜாடைதான். நான் தலையைத் திருப்பினால் ஜாடை காட்டிய கைகளெல்லாம் அங்கிக்குள் போய்விடுகின்றன. என்னதான் பேசிக்கொள்கிறார்களோ!

ஒரு வரி எழுதிப் போடு. நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் தம்பி,
மடாதிபதி கெரோல்ட்


வீசென் கன்னியர் மடம்,
லூக்கா திருநாள்

என் செல்லத் தம்பிக்கு,

திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, என் சகோதரிகளும் திறக்கவில்லை. காய்ச்சல்காரர்கள் பேழைக்கு முத்தம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எச்சில் பட்டு வெள்ளி வேண்டுமானால் வெளுத்திருக்கும். உள்ளே இருக்கிற எலும்பு எப்படியடா வெளுக்கும்?

சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் புத்திதான். அம்மா எனக்குப் பெரிய ரொட்டித் துண்டைக் கொடுத்துவிட்டாள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அளப்பாயே! இப்போது கையில் கோலும் கொடுத்து மடாதிபதி ஆக்கிவிட்டார்கள், கேட்கவா வேண்டும்.

எனக்குக் கடைவாய்ப்பல் உயிரை எடுக்கிறது. தேன் இந்த வருஷம் நன்றாக இருக்கிறது, ஒரு சாடி அனுப்பியிருக்கிறேன். அதையாவது நாய்க்குக் கொடுத்துப் பார்க்காமல் சாப்பிடு.

உன் அக்கா,
ஆடெலிண்ட்


ஹிர்ஷ்பாக்,
மார்ட்டின் திருநாள்

அக்காவுக்கு,

தேன் நன்றாக இருந்தது. பர்கார்ட் முதலில் சாப்பிட்டுப் பார்த்தார்.

நீ கேலி செய்கிறாய், ஆனால் எலும்பு ஏன் வெளுத்தது என்பதற்குப் பதில் இல்லை. ஏரியைக் கடந்து எங்களிடம் வந்துகொண்டிருந்த முடவர்களும் குருடர்களும் இப்போது உன் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். படகுக்காரன் என் முகத்துக்கு நேராகவே சொல்கிறான்: "வீசென்லயே குணமாயிடுதாம் சாமி, அப்புறம் இக்கரைக்கு யாரு வருவா?" எர்லோ இங்கே இருந்தால் கூட்டம் ஏன் அங்கே? போன வாரம் ஒரு நொண்டியை எலும்பைத் தொட வைத்தோம். வந்தபடியே நொண்டிக்கொண்டு போனான்.

உண்மையான புனிதரின் எலும்பு நெருப்பில் வேகாது. துறவிகள் எல்லோர் முன்னிலையிலும் சோதித்துவிடலாம் என்கிறார் பர்கார்ட். உனக்குப் பயமாக இருந்தால் இப்போதே உண்மையைச் சொல்லிவிடு.

கெரோல்ட்


வீசென்,
திருவருகைக் காலம், முதல் ஞாயிறு

தம்பி,

ஐயோ, நெருப்பில் போடாதே. பயம்தான் எனக்கு. எனக்காக இல்லை, எர்லோவுக்காகப் பயம். யாருடைய எலும்பானாலும் நெருப்பு சுடத்தான் செய்யும். ஆண்டவரைச் சோதிக்க நீ யார், பர்கார்ட் யார்?

கூட்டம் ஏன் இங்கே என்கிறாய். நாங்கள் கஞ்சி ஊற்றுகிறோம், புண்ணைக் கழுவுகிறோம், உட்காரச் சொல்கிறோம். உங்கள் வாசலில் இருப்பவரோ, "மெழுகுவத்தி கொண்டாந்தியா? இல்லையா? அப்ப போ, போ" என்கிறாராம். இங்கே வருகிற கிழவிகளெல்லாம் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

நீயே படகேறி வா. பீடத்துக் கல்லைப் புரட்டிக் காட்டுகிறேன், என் படுக்கை வைக்கோலை உதறிக் காட்டுகிறேன். கோலை அங்கேயே வைத்துவிட்டுத் தம்பியாக வா. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆடெலிண்ட்


ஹிர்ஷ்பாக்,
கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரம்

வீசென் மடத்துத் தலைவிக்கு,

சோதித்துவிட்டோம். கறுத்தது, வெடித்தது, சாம்பலாகிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். ஆகவே அது எர்லோ இல்லை. எர்லோ உன்னிடம்தான் இருக்கிறார்.

ஆயருக்கு எழுதிவிட்டேன். அவருடைய ஆட்கள் வருவதற்குள் திருப்பி அனுப்பினால் உனக்கு நல்லது.

அக்கா, ஏன் இப்படிச் செய்தாய்? என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு விரலையாவது கொடுத்திருப்பேனே. சொந்தத் தம்பியை ஏமாற்ற உனக்கு எப்படி மனசு வந்தது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

மடாதிபதி கெரோல்ட்


வீசென்,
சாம்பல் புதனுக்கு மறுநாள்

தம்பி,

நான் என் கையால் முத்திரையிடும் கடைசிக் கடிதம் இது. படித்ததும் எரித்துவிடு. எரிக்கத்தான் உனக்கு நன்றாக வருகிறதே.

நீ எரித்தது எர்லோவைத்தான்.

ஆயரின் ஆட்கள் வந்து பீடம், படுக்கை, கோழிக்கூடு எல்லாவற்றையும் கிளறினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அவர்களில் ஒருவன், "அப்போ மடாதிபதி சொந்தப் புனிதரையே கொளுத்திட்டாரா?" என்று சிரித்தான். அந்தப் பேச்சு வெளியே போனால் உன் துறவிகள் உன்னை வாசலில் தள்ளுவார்கள், ஊர்க்காரர்கள் கல்லெடுப்பார்கள். அதனால், "நான்தான் மாற்றி வைத்தேன், கல்லறையில் ஒளித்திருக்கிறேன்" என்று சொல்லி ஒரு கை எலும்பை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது எங்கள் சகோதரி ரிக்கில்டின் கை. காய்ச்சல்காரர்களைக் கழுவித் துடைத்து, அதே காய்ச்சலில் போனவள். அவளுக்கு முன்னால் நீங்கள் மண்டியிட்டால் எர்லோ கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் கோலை வாங்கிக்கொண்டார்கள். நாளைக்கு மலைமேல் இருக்கும் மடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே எனக்கு வரும் கடிதங்களைத் தலைவிதான் பிரித்துப் படிப்பாராம். வாயை விடாதே.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. நெஞ்சு கொதிக்கிறது. ஆனாலும் உன்னைக் கல்லால் அடிக்கவிட்டு என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பர்கார்ட் இதையும் நெருப்பில் போடச் சொல்வார். நீ என்ன செய்வாயோ, எனக்குத் தெரியாது.

ஆடெலிண்ட்


ஹிர்ஷ்பாக்,
உயிர்ப்புத் திருநாள் கழிந்த வாரம்

மதிப்புக்குரிய தலைவி அவர்கள் இதைப் படித்துவிட்டுச் சகோதரி ஆடெலிண்டிடம் கொடுக்க வேண்டுகிறேன்.

சகோதரிக்கு,

கை வந்து சேர்ந்தது. பீடத்தில் வைத்துவிட்டோம்.

துறவிகள் எல்லோரும் கூடியிருந்தபோது பர்கார்ட் எழுந்தார். "இதையும் ஒரு தடவை நெருப்புல காட்டிடலாமே சாமி. சந்தேகம் தீந்துடும்ல?"

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் சாமி? போன தடவை நீங்கதானே..."

"என் அக்கா குடுத்தது. எனக்குச் சந்தேகம் இல்ல. உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் பார்வை சரியில்லை. இன்னொரு நாள் கேட்பார். அதனால் பேழையின் சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

மலைமேல் குளிர் அதிகம் என்றார்கள். ஆட்டுத்தோல் போர்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன், தலைவி அனுமதித்தால் போர்த்திக்கொள்.

அங்கே வந்து உன்னைப் பார்க்கத் தலைவியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அவர் சரி என்று சொல்லியும் நீ மாட்டேன் என்றால், வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

உன் தம்பி,
கெரோல்ட்