மூலை உடைந்து திரும்பிய துண்டு

கண்ணு,

சியோலில் குளிர் தொடங்கிவிட்டதாமே. சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாய். மாப்பிள்ளையின் பெயரையும் இதில் எழுதப் போவதில்லை.

கான்கிரீட் வார்க்கும் எங்கள் யார்டில் ஒரு கூத்து. பாலத்துக்காக வார்த்து அனுப்பிய கான்கிரீட் துண்டு ஒன்று, படகில் இடிபட்டு மூலை உடைந்து திரும்பி வந்தது. புது மேஸ்திரி குவாக், "இதத் தூக்கிப் போடுங்க. அதே அளவுல இன்னொண்ணு நிக்குதுல்ல, அத அனுப்புங்க" என்றார்.

என்னோடு வேலை செய்யும் ஜோம்ரே அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏன் மேஸ்திரி, பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னா அதே உயரத்துல வேற ஒருத்தியக் கூட்டிட்டு வந்துருவீங்களா?" என்றாள். சொன்னவள் என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு துண்டையும் அதன் பக்கத்துத் துண்டையே அச்சாக வைத்துத்தான் வார்க்கிறோம். ஒட்டிக்கொள்ளாமலிருக்க இடையில் சோப்பு தடவிப் பிரித்தெடுக்கிறோம். அளவு ஒன்றாக இருந்தாலும் வேறு துண்டு அங்கே உட்காராது. மேஸ்திரி நம்பாமல் இன்னொன்றைத் தூக்கி வைத்துப் பார்த்தார். இடைவெளியில் என் விரல் நுழைந்தது. பிறகு உடைந்ததையே, எதோடு சேர்த்து வார்த்தோமோ அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். மூலை இல்லாமலேயே அப்படியே பொருந்தியது. மூலையைப் பூசிக்கொண்டிருக்கிறோம்.

ஊரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் ஜோம்ரே அக்கா பார்த்துக்கொள்வாள்.

உன் அறையில் காயப் போட்டிருந்த மிளகாயை அள்ளிவிட்டேன். குளிருக்குத் தரைக்கு அடியில் சூடு போட்டு வைத்திருக்கிறேன். பெட்டி கனமாக இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வா.

அம்மா