என் வீடியோக்களை அழித்துவிடு

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் கல்லுக்குண்டாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், கோபம் முந்திக்கொண்டது.

நேற்று போனில் பார்த்தேன். பதினோரு மாதக் குழந்தை, என் மருமகள், நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்தபடியே சோறு சாப்பிடுகிறாள். ஊட்டுகிற நீ ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டாயா?

இங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். என்னை விட்டால் இந்த ஊரில் ஆளே இல்லையாம்! அங்கே ஆயா ஒரு பொடியனுக்குத் துணி மாற்றும்போது, "பசிக்குதாடா ராஜா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தாள். அவன் "ங்கா" என்றான். "அப்படியா! அப்புறம்?" என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்கண்ணே, அவன் பேசி முடிக்கட்டும். பதில் சொல்ல ஆள் இருந்தாத்தானே பேச்சு வரும்?" என்று அதட்டினாள். நான் ஏணியிலிருந்து விழுந்ததாக யாராவது சொன்னால் நம்பாதே. கொஞ்சம் வேகமாக இறங்கினேன், அவ்வளவுதான்.

அறைக்கு வந்து என் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். "செல்லம், சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, மூச்சு விடாமல் நானே பேசிக்கொண்டு போகிறேன். அந்தப் பிள்ளை என்ன சொன்னதோ, கேட்க ஆளில்லை!

இதுவரை அனுப்பிய நாற்பது வீடியோக்களையும் அழித்துவிடு. என் முகம் மறந்தால் மறக்கட்டும். நீ கேள், காத்திரு, பதில் சொல்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனை அவள் பக்கம் திருப்பி வை. நான் வாயைத் திறக்கமாட்டேன், அவள் பேசட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

அண்ணன்