அம்மாவின் மூச்சில் விசில்

மகளே,

டாக்டரைப் பார்க்கப் போகிறேன். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் அம்மா பக்கத்தில் உட்கார். அடுப்பில் கஞ்சி இருக்கிறது, அவள் எழுந்ததும் கொடு.

"உங்க காதுலதான் கோளாறுப்பா" என்று நேற்று, அம்மா மூச்சில் விசில் கேட்கிறது என்றதும் கத்தினாயே, ஆயுசு முழுக்க கண்டக்டராய் பஸ்ஸில் விசில் ஊதினவன் நான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் அவள் மூச்சுவிடத் தொண்டையில் குழாய் வைத்த இடத்துப் புண் ஆறிவிட்டது என்றார்கள். நானும் வெள்ளந்தியாய் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தேன். ஆறினதுதான் வினை! தீப்புண் ஆறினால் தோல் சுருங்குகிற மாதிரி, உள்ளே தழும்பு சுருங்கி மூச்சுக்குழாயை இறுக்குகிறதாம். "புற்று இல்லை, பயப்படாதீங்க" என்கிறார்கள். புற்று இல்லாத கை கழுத்தை நெரிக்காதா?

டாக்டர் மூச்சுக்குழாய்க்குள் சின்ன பலூன் விட்டு ஊதி விரித்ததும் அந்த விசில் நின்றது. இப்போது மறுபடி கேட்கிறது. அவள் குளிக்கப் போயிருக்கும்போது காலிக் கட்டிலிலிருந்தும் கேட்கிறது. அதனால் என் காதை நானே நம்பவில்லை. நீ கேட்டுப் பார். கேட்டால் உடனே போன் பண்ணு. கேட்கவில்லை என்றால் பண்ணாதே, நம்பமாட்டேன்.

பின்கதவுத் தாழ்ப்பாள் மக்கர் பண்ணுகிறது, பலமாக இழு.

அப்பா

இன்னொன்று: உங்கம்மா எழுந்து வந்து இதைப் படித்துவிட்டாள். "எனக்கும் கேக்குதுங்க. நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னுதான் சொல்லல" என்கிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். நீயும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. காதுக் கோளாறாகவே இருந்து தொலைத்திருக்கலாம்.