பின்னாலை நிண்ட பேர்

அன்புள்ள மகனுக்கு,

மேல்வீட்டு வேரோனிக்கா ரீச்சர் எழுதித் தாறா. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, காது நல்லாக் கேக்கும்.

அண்டைக்கு மல்வேர்ன் கிளினிக்கிலை நேர்ஸ் "மிஸ்ரர் சோபானு" எண்டு கூப்பிட்டா. ஆரோ வெள்ளைக்காரன் எழும்புவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீ எழும்பினாய்.

காரிலை நீயாத்தான் சொல்லிக்கொண்டு வந்தாய்: அது உன்ரை மனிசி யோவானா வீட்டு ருமேனியப் பேர், ஆடு மேய்க்கிறவன் எண்டு அர்த்தம், இத்தாலி, ஸ்பெயின், கனடா எண்டு அந்தப் பேர்க்காரர் பரவியிருக்கினம், பிறந்த பிள்ளைக்கும் அதுதானாம். "எல்லாற்றை வாயிலையும் வரும் அப்பா."

ஆடு நானும் மேய்ச்சனான். அதாலைதான் பள்ளிக்கூடம் போகேல்லை.

அவைக்கு அது பரம்பரைப் பேர். எங்களுக்கு அப்பிடி ஒண்டு இல்லையே மகன். உன்ரை பேருக்குப் பின்னாலை நிண்டது என்ரை சொந்தப் பேர். பேரனுக்கு அதை நான் கேக்கேல்லை, அவனுக்கு உன்ரை பேர்தான் வரவேணும். நீ என்னை எடுத்துவிட்டதை ஒரு நேர்ஸ் சொல்லியே நான் அறியவேணும்?

ஞானஸ்நானத்துக்கு வருவன். இந்தக் கிழவன் ஆரெண்டு கோயிலிலை கேட்டா, நீயே வாய்திறந்து சொல்லு. பேரை வைச்சு இனி ஒருத்தருக்கும் விளங்காது.

இப்படிக்கு,
உன்ரை அப்பா