அவர் மூச்சு வாங்கிய இடங்கள்

மூன்று கேசட்டுகளில் உன் குரல் தெளிவாக இருக்கிறது. நான்காவதில் பூஞ்சை. பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தரும் ரோச்சோர் கடைக்காரர் இன்று காலை நேரில் சொன்னது இது. நாடாவை அவர் இழுத்துக் காட்டியபோது ஈரத்துணி வாடை அடித்தது. உன் தோ பாயோ வீட்டில் சன்னல்களைச் சாத்திவிட்டு நீ பதிவு செய்த நாள்களில் அந்த அறையில் கோப்பி மணம்தான் இருக்கும்.

நம் செய்தி அறையில் உன் வேலை மொழிபெயர்ப்பு. வீட்டிலும் அதையே செய்தாய். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய அந்தத் தலைவரின் உரைகளை எங்கோ தேடி வாங்கி, அவருடைய ஆங்கிலத்தின் நடுவே உன் தமிழைப் பேசிப் பதிந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வரும் கட்டுமான ஊழியர்களுக்காக. "நம்ம ஆளுங்க இதக் கேக்கணும்டா" என்பாய்.

மூன்றை முடித்துவிட்டு எனக்குப் போட்டுக் காட்டினாய். ஒரு சொல் பிசகவில்லை. ஆனாலும் ஏதோ குறைந்தது. "என்னடா, காலி மண்டபத்துலயா பேசுறாரு?" என்று கிண்டல் செய்தேன். நீ சிரித்தாய். பிறகு எழுந்துபோய் மூலக் கேசட்டைப் போட்டாய்.

அவர் ஒரு வாக்கியம் சொல்லி மூச்சு வாங்குகிறார். அந்த இடைவெளியில் கூட்டம் பதில் சொல்கிறது. ஒரு முதியவளின் முனகல், ஆமாம் என்று ஒரு கட்டைக்குரல், கைத்தட்டல். அடுத்த வாக்கியம் அந்தப் பதிலின் மேல் ஏறி வருகிறது. பேச்சாளர் நிறுத்தும் இடத்தில் பேசுவது மொழிபெயர்ப்பாளனின் பழக்கம். நீயும் ஒழுங்காக அதையே செய்திருந்தாய், ஒவ்வோர் இடைவெளியிலும்.

"அவரு பேசினத ஒண்ணு விடாம சொல்லிட்டேன். ஜனங்க பேசினத மொத்தமா அமுக்கிட்டேன்டா."

அந்த மூன்றையும் யாருக்கும் போடக்கூடாது என்று என்னிடம் சொல்லிவைத்தாய். நான்காவதில் முறையை மாற்றினாய்: அவர் பேசும்போதே கூடவே தாழ்ந்த குரலில் பேசுவது, அவர் நிறுத்தினால் நீயும் நிறுத்துவது. முடித்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னாய். அதைக் கேட்க நான் வருவதற்குள் உன்னை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். நீ திரும்பி வரவில்லை.

இத்தனை ஆண்டு கழித்து, உன் மகள் சுவா சூ காங்கிற்கு வீடு மாறும்போது நான்கு கேசட்டுகளும் மூலமும் இருந்த பெட்டி அகப்பட்டது. அந்த ஊழியர்களுக்கு உதவும் தொண்டூழியர்கள் வரும் ஞாயிறு சிராங்கூன் சாலைப் பக்கம் நடத்தும் கூட்டத்தில் உன் கேசட்டைப் போடுவதாக ஒப்புக்கொண்டும்விட்டாள். நீ சொல்லிவைத்ததை அவளிடம் சொன்னேன்.

"மூணும் கிளியரா இருக்கு, அங்கிள். அப்பாவுக்கு எதுவும் பெர்ஃபெக்டா இருக்கணும் லா, அதான் அப்படி சொல்லியிருப்பாங்க. இதையும் விட்டா அவங்க குரல் யாருக்குமே கேக்காது."

அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்பா பேசுவதை நாலு பேர் கேட்க வேண்டும் என்று நினைக்கும் மகளை எப்படித் தடுப்பது? நீ கேட்டுக்கொண்டதை எப்படி மீறுவது? கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போக மனமில்லை. தேக்கா சந்தையை இரண்டு முறை சுற்றிவிட்டேன். எதையும் வாங்கவில்லை.

உன் பழக்கம் ஒன்று எனக்கு ஒட்டிக்கொண்டது. பேட்டியில் எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் நான் உடனே அடுத்த கேள்விக்குப் போவதில்லை. சும்மா இருப்பேன். பல சமயம் செய்தி அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது.

மதியம் அவளைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வழி சொன்னேன். நான்காவது தேறினால் அதை மட்டும் போடலாம். தேறாவிட்டால் மூலக் கேசட்டை ஓடவிட்டு, நான் பக்கத்தில் நின்று, நீ நான்காவதில் செய்த மாதிரி தமிழில் சொல்கிறேன். கூட்டத்தின் குரல் இருக்கும். உன் குரல் இருக்காது.

அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வெகு நேரம் கழித்து, "யோசிச்சு வியாழக்கிழமை சொல்றேன் அங்கிள்" என்றாள்.

நாடாவைத் துடைத்துக் காயவைக்க வேண்டுமாம். தேறுமா என்பதை வியாழக்கிழமை மாலை சொல்வதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவள் பதிலும் அன்றைக்குத்தான்.