புள்ளிக்குப் புள்ளி சரி

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. நலம் இல்லை. உன் போன் ஒரு வாரமாக அணைந்தே கிடக்கிறது. அச்சகத்துக்காரர்கள் யாரோடும் போனிலோ மெயிலிலோ பேசக் கூடாது என்று உங்கள் கம்பெனி வக்கீல் உத்தரவு போட்டிருக்கிறாராம். உன் அறை நண்பன்தான் மாமாவிடம் சொன்னான். கூடப் பிறந்தவளும் அதில் சேர்த்தியா? கடிதம் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பிஸ்கட்டுக்கு நாங்கள் அச்சடித்த புது உறையில், 'நிலக்கடலை கலந்தது' என்று எச்சரிக்கை இருக்க வேண்டிய கட்டத்தில் ஏதோ கம்ப்யூட்டர் வரி அச்சாகியிருக்கிறது. கடலை ஒத்துக்கொள்ளாத ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அதைத் தின்று, தொண்டை வீங்கி, மூச்சடைத்து, பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கருவி மாட்டிக் கிடக்கிறது.

அந்த உறையின் மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டது நான்.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். தாளைத் தலைகீழாக வைத்து, கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்துக்கு வர வேண்டும். நேராக வைத்தால் மனசு படிக்க ஆரம்பித்துவிடும், படித்தால் கண் ஏமாந்துவிடும். வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பில் இருப்பது தாளில் அப்படியே இருக்கிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். அந்த உறையிலோ ஆறு மொழி. அதில் நாலு எனக்குத் தெரியாது. அந்த வரியை நான் பார்த்தேன் வாலு. நடுவே ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. லென்ஸ் வைத்து முனைகளை எண்ணினேன். கோப்பில் ஆறு, தாளிலும் ஆறு. 'புள்ளிக்குப் புள்ளி சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இப்போது உங்கள் கம்பெனி, "எங்க கோப்பு சரியாத்தான் இருக்கு, அச்சகம்தான் கெடுத்துடுச்சு" என்கிறது. எங்களிடம் உங்கள் கோப்பு இல்லை. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மிச்சம் இருப்பது என் கையெழுத்து மட்டும். என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மார்ச் மூன்றாம் தேதி உணவுப் பாதுகாப்பு அதிகாரி முன்னால் விசாரணை.

லேபிள் கோப்பெல்லாம் உன் மேஜையிலிருந்துதானே வருகிறது? பழைய கோப்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லடா கண்ணு. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் அக்கா

பிப்ரவரி 15

வாலு,

என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

நேற்று எங்கள் அச்சக மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்தார். "ஏம்மா பூதக்கண்ணாடி, உனக்குக்கூடவா தெரியாமப் போச்சு?" என்றார். பத்தொன்பது வருஷமாக அந்தப் பட்டப்பெயரில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நேற்று அதைக் கேட்டபோது செத்துவிடலாம் போல் இருந்தது. மாமா டியூட்டி முடிந்து வந்து பஸ் சாவியை மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் மருந்துச் சீட்டைக்கூடத் தலைகீழாகப் பிடித்துவிட்டு, பதறிப்போய் நேராக்கி, மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கிறேன்.

தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்று எழுது. அது போதும்.

அக்கா

பிப்ரவரி 19

என் பூதத்துக்கு,

கையால் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

தெரியும் அக்கா. அது நான்தான்.

எங்கள் எச்சரிக்கை வாசகங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு பெரிய பட்டியலில் இருக்கின்றன. 'பட்டியலுக்குப் போ, இந்த பிஸ்கட்டுக்கு உரிய எச்சரிக்கையை எடுத்து வா' என்று அதற்குப் புரியும் மொழியில் ஒரு கட்டளை எழுதுவோம். அது எடுத்து வந்து கட்டத்தில் வைக்கும். அன்று மக்கர் பண்ணியது. சோதிப்பதற்காகக் கட்டளையையே கட்டத்துக்குள் ஒட்டி வைத்தேன். அதற்குள் மேலாளர் கூப்பிட்டார், போனேன். திரும்பி வந்து அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். எடுத்து வா என்று நான் சொன்னது உறையில் இருக்கிறது. எடுத்து வர வேண்டியது பட்டியலிலேயே இருக்கிறது.

அது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமைதான் அச்சு. போனைக் கையில் எடுத்தேன். நானே சொன்னால் பதவி உயர்வு போய்விடும் என்று தோன்றியது. அங்கே என் அக்கா இருக்கிறாள், அவள் கண்ணில் எறும்பு ஊர்ந்தால்கூடத் தப்பாது, அச்சகமே பிடித்துத் திருப்பி அனுப்பட்டும் என்று போனை வைத்துவிட்டேன். உன்னை நம்பித்தான் அக்கா.

குழந்தை செய்தி வந்த அன்று கோப்பைத் திருத்திப் பழைய தேதியே தெரியும்படி வைத்தேன். யாருக்கும் தெரியாது.

இது வெளியே வந்தால் எனக்கு ஜெயில். மே மாதம் கல்யாணம், பெண் வீட்டில் நிமிர்ந்து பார்க்க முடியாது. உனக்கு வேலை மட்டும்தான் போகும். 'அசதியில் கவனிக்கவில்லை, மெஷினில் ஏதோ மாறியிருக்கலாம்' என்று சொல், போதும். உன் காலில் விழுகிறேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் வாலு

பிப்ரவரி 23

அடப்பாவி,

'உன்னை நம்பித்தான் அக்கா' என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் பைத்தியம் மாதிரி சிரித்துவிட்டேன். நான் உன் கோப்பை நம்பினேன். நீ என் கண்ணை நம்பினாய். ரெண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஒரு போன். 'அக்கா, நிறுத்து' என்று ரெண்டே வார்த்தை. அதற்குக்கூட உனக்கு வாய் வரவில்லையா?

ரெண்டு நாள் உன்னை வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன். சின்ன வயதில் நீ ஜன்னல் கண்ணாடியை உடைப்பாய், நான் முன்னால் போய் அடி வாங்குவேன். அந்தப் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. சரி, நீ சொன்னபடியே சொல்கிறேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது.

அதற்கு முன் ஒரு தடவை அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறேன். பார்க்காமல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அக்கா

பிப்ரவரி 27

என் தெய்வமே,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஏழு ஜென்மத்துக்கும் உன் நாய்க்குட்டியாகப் பிறக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகாதே அக்கா, யாராவது பார்த்தால் வம்பு. கிழித்துவிட்டாயா? அதை எழுதவே இல்லையே. ஒரு வரி எழுது, தூக்கம் வரவில்லை.

வாலு

மார்ச் 3

வாலு,

போனேன். குழந்தை கண் திறந்துவிட்டாள்.

அவள் அம்மா அறைக்கு வெளியே கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏன் உள்ளே போகல?" என்றேன். "நான் உள்ளே இருந்தா தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கிறா. நான் ஊட்டினதுதானே? நர்ஸ் குடுத்தாத்தான் வாயத் திறக்கிறா" என்றாள். நான் யார் என்று சொன்னேன். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து அந்த உறையை எடுத்து நீவி நீவி என்னிடம் காட்டினாள். "கடையில ஒரு தடவ படிச்சேன், வீட்டுல ஒரு தடவ படிச்சேன். கடலைன்னு எங்கயுமே இல்லீங்க. இந்த வரியையும் பாத்தேன். வேற ஏதோ மொழின்னு விட்டுட்டேன். பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமான்னு வீட்டுல கேக்குறாங்க. சரியாத்தானே கேக்குறாங்க?"

நானும் வேறு மொழி என்றுதான் விட்டேன் என்று அவளிடம் சொல்ல வந்து, சொல்லாமல் திரும்பிவிட்டேன். சொன்னால் அந்த வரி உன் கோப்பிலேயே இருந்தது வெளிவந்துவிடும். அப்போதும் உனக்காகத்தான்.

இன்று காலை விசாரணை. நீ சொன்ன வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எனக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டார்கள். உங்கள் வக்கீல் உறையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "புரியாத வரி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சும் ஏம்மா குழந்தைக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க" என்றாள்.

உன் பழியை என் தலையில் போட்டாய், வாங்கிக்கொண்டேன். அவள் தலையில் அதை யார் போட்டது? நான் வாயை மூடியிருந்தால் நானும்தான் போட்டிருப்பேன்.

என் முறை வந்ததும் உன் கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவர்கள் படிக்கும்படி நேராக வைத்தேன். அதிகாரி முதல் வரியைப் பார்த்துவிட்டு, "யாரு இந்தப் பூதம்?" என்றார். "நான்தாங்க" என்றேன். பார்த்தேன், படிக்கவில்லை என்று என் தப்பையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விட்டது. கேஸ் என் மேலும் வரும்.

அந்த அம்மா உன் கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். உன்னைத் திட்டவில்லை. "இத எம் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டணும்" என்று மட்டும் சொன்னாள்.

மாமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நாளை அவர் பஸ் உங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. போலீஸ் வருவதற்கு முன் இதை அவரே உன் கையில் கொடுப்பார். ஓடாதே. அவர் உன் கூடவே இருப்பார், அதற்காக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த பஸ்ஸில் பயணியாகத்தான் வருகிறார். பெண் வீட்டுக்கு நீயே சொல், அடுத்தவர் வாயால் கேட்க விடாதே. என்னை நீ மன்னிக்க மாட்டாய் என்று தெரியும். அதற்காக அழுதுகொண்டேதான் எழுதுகிறேன்.

கிழித்துவிட்டாயா என்று கேட்டிருந்தாய். கிழிக்கவில்லை. இதை வேண்டுமானால் நீ கிழித்துக்கொள், இதில் நான் உன் அக்கா என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அக்கா