மதிலுக்கு வெளியே வரும் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு புத்தகத்தை என் மடியில் வைத்தாள். வழவழவென்ற தாள். அச்சு மையின் வாடை இன்னும் போகவில்லை. அவள் வேலை செய்யும் கம்பெனி அடுத்து வரும் வருஷங்களில் தண்ணீருக்கும் காற்றுக்கும் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் என்னென்ன செய்யப்போகிறது, இதுவரை எவ்வளவு செய்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களாம். "தமிழ்ல தப்பு இருந்தா திருத்திக் குடும்மா. அப்புறந்தான் மொத்தமா அச்சடிப்பாங்க" என்றாள்.

சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாத்தியார் வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் கை சும்மா இருப்பதில்லை. ஒற்றுப்பிழை நிறைய இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பச்சை இலை வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு இலக்குக்கும் நேராக, நல்ல முன்னேற்றம் என்று இருந்தது.

"இதையெல்லாம் யார் பாத்துச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நாங்கதாம்மா. அதுக்குன்னே ஒரு டீம் இருக்குது."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. உங்கள் முகம் வந்து நின்றுவிட்டது.

ஐயா, உங்களை நான் முதலில் பார்த்தது சண்டை போட வந்த அன்று. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. உங்கள் சாயப்பட்டறை காஞ்சிபுரத்தின் ஓரத்தில், வயல்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது. அதன் பின்மதிலை ஒட்டி ஓடிய கால்வாய் எங்கள் தெருவைத் தொட்டுக்கொண்டு ஏரிக்குப் போகும். அந்தக் கரையில்தான் எங்கள் கிணறு. ஊருக்குள் எத்தனையோ கிணறுகள் இருந்தன. எங்கள் ஜனங்கள் குடத்தை இறக்க முடிந்தது அந்த ஒன்றில் மட்டும்தான். அதையும் என் அப்பா காலத்தில் மனுவுக்கு மேல் மனு போட்டு வாங்கியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு எலிசாவின் குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானம். வெள்ளை கவுனை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டிருந்தாள். காய்ந்து எடுத்தால் ரோஸ் நிறத்தில் இருந்தது. எலிசா அதை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு உங்கள் பட்டறைக்கு நடந்தாள். படித்தவள் கூட இருந்தால் பேசலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நாங்க சாயம் போடச் சொல்லவே இல்லியே மொதலாளி. நீங்களா எதுக்குப் போட்டுக் குடுத்தீங்க?" என்று உங்கள் முன்னால் கவுனை விரித்தாள்.

உங்கள் தம்பி பக்கத்தில் இருந்தார். பட்டறையின் வியாபாரம் முழுக்க அவர் கையில்தான். "கால்வாய் எல்லாருக்கும் பொதும்மா. எத்தினி பட்டறை இருக்குது, எல்லாரையும் போய்க் கேளு" என்றார்.

நீங்கள் கவுனை வாங்கி, உள்பக்கத் தையலைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். "இது நம்ம ரோஸ்தான்பா. இந்த வாரம் வேற யாரும் இந்தக் கலரைப் போடலே" என்றீர்கள். தம்பியின் முகம் சுருங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விற்பவன் ஒருபோதும் சொல்லக்கூடாத வார்த்தையை நீங்கள் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள்.

அன்று சாயங்காலமே எங்கள் தெருவுக்கு வந்தீர்கள். உங்கள் மனிதர்கள் யாரும் அந்தத் தெருவில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. கிணற்றிலிருந்து நீங்களே ஒரு வாளி சேந்தி, அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எலிசா விடவில்லை. "குடிச்சுக் காட்டுவீங்கன்னு பாத்தேன்."

"குடிச்சா எனக்கு வவுறு வலிக்கும். உங்களுக்கு அதுல இன்னா லாபம்மா?"

கோபமாக நின்றவர்கள் சிரித்துவிட்டோம். பிறகு நீங்கள் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. "நாளைக்கே நிறுத்திடறேன்னு சொன்னா பொய்யாப் பூடும். பட்டறையை மூடணும், வேலை செய்யறவங்க பட்டினி கெடப்பாங்க. பத்து வருஷம் குடுங்க. பத்தாவது வருஷம் என் மதிலுக்கு வெளியே கலர் தண்ணி ஒரு சொட்டு வராது. அதுவரைக்கும் பட்டறை முன்னாடி இருக்கற எங்க கிணத்துல வந்து எடுத்துக்குங்க."

பத்து வருஷம் என்பது எங்களுக்கு நம்பும்படியாக இல்லை. ஆனால் கிணறு உண்மையாக இருந்தது. மறுநாள் நாங்கள் குடத்தோடு தயங்கித் தயங்கி வந்தபோது உங்கள் வீட்டம்மா புதுக் கயிறு போட்டு வைத்திருந்தார். உங்களிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "வாளி கொஞ்சம் கனம். பாத்து இழுங்கம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எங்களை உங்கள் கிணற்றில் விட்டதற்கு நீங்கள் கொடுத்த விலை எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உறவினர்கள் உங்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மூத்த பெண்ணுக்கு வந்த வரன் ஒன்று திரும்பிப் போனது. ஒரு தடவைகூட நீங்களோ அம்மாவோ எங்களிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அளப்பது யார் என்ற பேச்சு அதற்கு அடுத்து வந்தது. "நான் செஞ்சதை நானே பாத்தா எனக்கு எப்பவும் நல்லாதான் தெரியும். தண்ணி உங்க பக்கம்தான வருது, நீங்க பாருங்க டீச்சரம்மா. வருஷத்துக்கு ஒருதரம் வந்து, எங்க ஆளுங்க எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்" என்றீர்கள். ஆயுத பூஜை அன்று வரச் சொன்னீர்கள்.

"அன்னிக்கு வேலையே நடக்காதே ஐயா. தண்ணி சுத்தமாதான இருக்கும்?" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு உங்களையே பார்த்துச் சிரிப்பது போல ஒரு சிரிப்பு. "அப்போ தீபாவளிக்கு முன்னாடி வாங்க. வேலை மும்முரமா இருக்கும். எந்த நாள்னு எனக்கும் சொல்லாதீங்க."

முதல் வருஷம் மதிலோரம் குழி வெட்டி, மணலும் கரியும் கொட்டி, அதன் வழியாகத் தண்ணீரை விட்டீர்கள். நான் வந்து பார்த்தேன். கொப்பரைகளிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பட்டு நூலை முக்கி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். "கலர் குறையலே" என்றேன். உங்கள் தம்பி எழுந்து போய்விட்டார். நீங்கள் தலையை ஆட்டி, "சரி, குறையலே. இன்னா பண்ணலாம், சொல்லுங்கபா" என்று வேலையாட்கள் பக்கம் திரும்பினீர்கள்.

அன்று பேச ஆரம்பித்தது வருஷக்கணக்காக நீண்டது. ஒரு கலருக்கு வைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே அடுத்த அடர்ந்த கலரை ஏற்றுவது, மிச்சத்தை அகலமான தொட்டிகளில் நிறுத்தி வெயிலில் வற்றவிடுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தீர்கள். சில யோசனைகள் பாழாய்ப் போயின. ஒரு தடவை மாம்பழக் கலர் போட வேண்டிய நூல் பாசிக் கலரில் வந்து, நெசவாளர் ஒருவர் உங்களைத் தெருவில் நிறுத்திக் கத்தினார். ஆனாலும் கால்வாய் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டு வந்தது. எங்கள் கிணற்றை இறைத்துப் பார்த்தோம். நிறம் மெல்லப் போயிற்று.

பத்து வருஷத்தில் பாதி கழிந்தபோது ஒரு பலகை வந்தது. மெட்ராஸில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, முகூர்த்த மாதங்களுக்கு வேண்டிய நூல் முழுவதையும் உங்களிடமே சாயம் போடக் கொடுக்க எண்ணியிருந்தது. அவர்கள் நேரில் பார்க்க வருவதாக இருந்தார்கள். உங்கள் தம்பி வாசலில் பெரிய பலகை மாட்டினார். இந்தப் பட்டறையிலிருந்து சாயத்தண்ணீர் வெளியே போவதில்லை என்று அதில் எழுதியிருந்தது.

நான் அந்த வருஷம் பின்மதில் பக்கமாக வந்தேன். தொட்டிகள் தளும்பிக்கொண்டிருந்தன. பெரிய கடைக்கு மாதிரி காட்டுவதற்காக வழக்கத்தைவிட நிறையக் கொப்பரை ஏற்றியிருந்தார்கள். மதிலின் மூலையில் புதிதாக ஒரு துளை. அதன் வழியாக அரக்குச் சிவப்பு கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் உங்கள் தம்பி நின்றுகொண்டிருந்தார்.

அவர் மிரட்டவில்லை, அதுதான் கஷ்டம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "இந்த ஒரு வருஷம் மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சரம்மா. அண்ணனுக்கு இது தெரியாது. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது. இந்த ஆர்டர் போச்சுன்னா நான் எங்க போவேன்?" என்றார். பிறகு தரையைப் பார்த்தபடி, "பட்டறை நின்னுச்சுன்னா அந்தக் கிணறும் யார் கைக்குப் போவும்னு யோசிச்சுக்கங்க" என்றார்.

எங்கள் கிணறு முழுசாகத் தேறவில்லை. தெருவே உங்கள் கிணற்றில்தான் குடித்துக்கொண்டிருந்தது. எலிசாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "தண்ணி குடுக்கறாங்கன்னு வாயை மூடிக்கினு இருந்தா, நாளைக்கு அந்தத் தண்ணிய நிறுத்தும்போதும் மூடிக்கினுதான் இருக்கணும். போய் சொல்லு, போ" என்றாள்.

வந்து சொன்னேன். எல்லார் முன்னாலும், துளை இருக்கும் இடம் உட்படச் சொன்னேன். நீங்கள் தம்பியைப் பார்த்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பலகையை நீங்களே கழற்றினீர்கள். தொட்டி தாங்கும் அளவுக்குத்தான் சாயம் போடமுடியும் என்று மெட்ராஸ்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினீர்கள். அவர்கள் வரவேயில்லை.

தம்பி பாகம் பிரித்துக்கொண்டு, வாலாஜாபாத் ரோட்டில் தனிப்பட்டறை போட்டார். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. அந்த வருஷத்துக்குப் பிறகு உங்கள் நடையே தளர்ந்துவிட்டது. அதற்கு நான்தான் காரணம் என்று ஒருமுறை துணிந்து உங்களிடமே சொன்னேன். "துளையை நீங்களா போட்டீங்க? போங்க டீச்சரம்மா, பசங்க காத்துக்கினு இருப்பாங்க" என்றீர்கள். அப்படிச் சொல்லி என்னை அனுப்பினாலும், கருட சேவைக் கூட்டத்தில் தம்பி தெரிகிறாரா என்று நீங்கள் எட்டி எட்டிப் பார்த்ததை நான் கவனித்திருக்கிறேன்.

பத்தாவது வருஷத்தை நீங்கள் பார்க்கவில்லை. ஆடி மாதம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது எங்கள் தெருவே பின்னால் நடந்தது. தம்பி தோள் கொடுத்தார்.

இனி யார் கேட்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். தீபாவளி நெருங்கும்போது உங்கள் வீட்டம்மா ஆள் அனுப்பினார். "இந்த வருஷந்தான் கடைசி வருஷம். மறந்துட்டீங்களா?" என்று கேட்கச் சொன்னாராம்.

நான் எந்த நாள் என்று சொல்லாமல்தான் போனேன். மதிலுக்கு வெளியே குனிந்து நெடுநேரம் பார்த்தேன். சிவப்பு இல்லை, பச்சை இல்லை, நீலம் இல்லை. கையில் அள்ளிப் பார்த்தால் மட்டும் லேசான மஞ்சள். வெயில் பட்டால் தெரியும், நிழலில் தெரியாது. என்னைத் தவிர யாரும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

உள்ளே எல்லாரும் கூடியிருந்தார்கள். உங்கள் படத்துக்கு மாலை போட்டு, சாயம் பட்ட அந்தச் சுவரிலேயே மாட்டியிருந்தார்கள். அம்மா படத்துக்குக் கீழே நின்றார். எனக்கு அன்று இருந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. சுத்தமாக இருக்கிறது, நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டீர்கள் என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அப்படிச் சொன்னால் அந்த அம்மா அழுதிருப்பார், எல்லாரும் கை கூப்பியிருப்பார்கள், உங்கள் கதை அழகாக முடிந்திருக்கும். தம்பியைக் கண்டு நான் பயந்ததுண்டு. அன்றைக்கு உங்கள் மேல் வைத்திருந்த பிரியத்தைக் கண்டு அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

"இன்னும் கொஞ்சம் மஞ்சள் வருதும்மா" என்றேன்.

அம்மா கண்ணை மூடித் திறந்தார். "அப்போ இன்னும் முடியலே" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. அடுத்த நாள் வேலையைச் சொல்வது போல இருந்தது. வேலையாட்கள் பக்கம் திரும்பி, "மஞ்சளுக்கு இன்னா பண்ணலாம், சொல்லுங்கபா" என்றார். வார்த்தைக்கு வார்த்தை உங்கள் கேள்வி.

நான் வெளியே வந்தபோது கதவோரம் உங்கள் தம்பி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. "அண்ணன் படத்துக்கு முன்னாடியே சொல்றீங்களே" என்றார். பிறகு, பள்ளிக்கூட வாசலில் நின்ற அதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எங்க பட்டறைக்கும் வந்து பாப்பீங்களா டீச்சரம்மா?"

போனேன். கால் தளரும்வரை இரண்டு பட்டறைக்கும் போனேன். இப்போதும், எனக்குப் பிடித்தவர்கள், என் மகளே ஆனாலும், தாங்கள் செய்த வேலையைக் காட்டி என்னிடம் கருத்துக் கேட்டால், நான் முதலில் அதை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன்.